இரட்டைத் தாடையை ஊசி போட்டே கரைத்துவிட முடியுமா?

முடியும், ஆனால் எல்லோருக்கும் இல்லை. தாடைக்குக் கீழே இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். தடிமனாகச் சிக்கினால் கொழுப்பு. மெல்லிய தோல் மட்டும் இழுபட்டால் அது தொய்வு, ஊசி உதவாது.

ஊசியில் இருப்பது டிஆக்ஸிகோலிக் அமிலம். நம் பித்தநீரில் இருந்து கொழுப்பைச் செரிக்க உதவுகிற அதே பொருள்தான். கொழுப்புச் செல்லின் சவ்வையே உடைத்துவிடும். 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. ஒரு தடவைக்கு 50 குத்து வரை, மாத இடைவெளி விட்டு அதிகபட்சம் 6 தடவை. முதல் சில நாள் கழுத்து தவளை மாதிரி வீங்கும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் போய் உட்காராதீர்கள்! தாடையோர நரம்பில் பட்டால் சிரிப்பு கோணலாகும், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அதனால் பார்லர் வேண்டாம், தோல் மருத்துவரிடமே போங்கள்.

மோவாய் எலும்பே உள்வாங்கி இருப்பதால் தாடை இரட்டையாகத் தெரிந்தால்? அப்போது ஃபில்லர் (மோவாயை நிரப்பிக் காட்டும் ஊசி) அல்லது இம்ப்ளான்ட் (உள்ளே பொருத்தும் செயற்கைத் துண்டு) பற்றித்தான் கேட்க வேண்டும்.