அம்மா கண்டுபிடித்துவிட்டார் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் புதிய நாவலை முடித்த கையோடு எழுதுகிறேன். இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வாழ்த்துகள்.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்குப் பக்கம். அம்மா பல வருடங்களாகப் பூக்கட்டுகிறார். கண் மங்கிவிட்டதால் அவரால் படிக்க முடிவதில்லை. பூக்கட்ட அவருக்கு விரல் போதும். மதியத்தில் அவர் கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் நாவலை வாய்விட்டுப் படித்தேன்.

மூன்றாம் அத்தியாயத்தில், வடக்கு மாசி வீதிச் சந்து வீட்டில் டீச்சர் இறந்துகிடக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் காலை எட்டு மணிக்கு உள்ளே நுழைகிறார். டீச்சருடைய கணவரின் படத்தில் மல்லிகைச் சரம் தொங்குகிறது. மொட்டு இன்னும் வாய் திறக்கவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைக் கேட்டதும் அம்மா கையை நிறுத்தினார். "அது முந்தின நாள் வாங்கிய பூ இல்லை. அந்த டீச்சர் செத்த பிறகு யாரோ வந்திருக்கிறார்கள்" என்றார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த கண்ணியைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

கல்லூரியில் படிக்கும் என் தம்பி விடவில்லை. பூவை முந்தின நாளே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருக்கலாமே என்றான். ஃபிரிட்ஜில் வைத்த பூவை வெளியே எடுத்தால் வேர்க்கும், வாசமும் மட்டாகிவிடும், வாசல்வரை மணம் வந்தது என்று இப்போதுதானே படித்தாள் என்றார் அம்மா. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். இருந்தது.

[இங்கே நான்கு வரிகளை நீக்கியிருக்கிறேன். காரணம் பதிலில்.]

இப்போது தம்பியின் கேள்வி. பூக்கட்டுகிற ஒருவர் மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் அது என்ன மர்ம நாவல்? கடைசிப் பக்கம்வரை யாராலும் ஊகிக்க முடியாததுதான் நல்ல மர்மக் கதை என்கிறான். இப்படியிருந்தும் புத்தகம் எப்படி இவ்வளவு பரவியது என்றும் கேட்கச் சொன்னான். என் கேள்வி வேறு. அம்மா கண்டுபிடித்ததில் உங்களுக்கு வருத்தமா? இன்னும் இரண்டு சின்னச் சந்தேகங்கள். கொலைக்கு இப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவு கிடையாது என்கிறார்களே, நாவலில் ஏன் 302? அந்தப் பெண் ஆய்வாளர் அடுத்த நாவலிலும் வருவாரா?

என் பெயரைப் போட வேண்டாம். அம்மா கூச்சப்படுவார்.

ஒரு வாசகி
திருமங்கலம் பக்கம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த நான்கு வரிகள். கொலையாளி யார், எந்த ஊர், என்ன உறவு என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தீர்கள். கத்தரி போட்டதற்குக் கோபப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பூச்சர விஷயத்தை ஒன்பதாம் அத்தியாயத்தில் ஆய்வாளரே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். ஆகவே அதுவரை இங்கே தாராளமாகப் பேசலாம். நாவலை இன்னும் தொடாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

வருத்தமா என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பதிப்பாளரைத் தொலைபேசியில் பிடித்து அவருக்கும் படித்தேன். அவர் ஏதோ வேலையாக இருந்தார், நான் விடவில்லை. உங்கள் அம்மா கையை நிறுத்திய இடத்தை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். எங்கள் வருத்தத்தின் லட்சணம் இதுதான்.

அந்த வரியை உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் பிடிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். மல்லிகையைப் பொழுது ஏறுமுன் பறித்துவிடுவார்கள். பறிக்கும்போது மொட்டு இறுகியிருக்கும், காம்புப் பக்கம் லேசாகப் பச்சை ஓடியிருக்கும். மதியத்துக்குள் வெள்ளை ஏறும். பொழுது சாய்ந்ததும் ஊதத் தொடங்கி, விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் விரிந்துவிடும். மறுநாள் காலையில் அதே சரம் துவண்டு, இதழ் ஓரம் பழுப்பேறிக் கிடக்கும். மதுரையில் பூ வைத்துக்கொள்கிற எல்லோருக்கும் இது தெரியும். தெரியும் என்பதே அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவு பழகிப்போன விஷயம்.

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் விடிகாலையில் ஒரு வியாபாரியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சாக்கைப் பிரித்ததும் அவர் பூவை முகரவில்லை. ஒரு பிடி அள்ளினார், அதில் ஒரு மொட்டை மட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினார். அழுத்தினார். பேசாமல் சாக்கைத் தராசின் பக்கம் தள்ளினார். அடுத்த சாக்கிலும் அதேபோல் உருட்டிவிட்டு, முந்தின நாள் மிச்சத்தை இதில் ஏன் கலந்தாய் என்று கேட்டார். கொண்டுவந்தவர் பதில் பேசவில்லை. மர்மக் கதையில் துப்பறிகிறவர்கள் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு செய்வதை அவர் இரண்டு விரலில் செய்துவிட்டார்.

இனி கணக்கைப் பாருங்கள். பெரியாஸ்பத்திரி மருத்துவர் இறந்த நேரத்தை இரவு பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையே என்கிறார். எந்த மருத்துவரும் இப்படி ஒரு வரம்பைத்தான் சொல்வார். வெக்கையில் உடல் சீக்கிரம் விறைத்துச் சீக்கிரம் தளரும், ஆகவே சித்திரை மாதத்தில் இதற்கு மேல் நெருக்கிச் சொல்வது அவருக்கும் கடினம். அந்த இரண்டு மணிக்குச் செடியில் இருந்த மொட்டு எட்டு மணிக்குப் படத்தில் தொங்குகிறது. நடுவில் யாரோ அதைப் பறித்து, யாரோ சந்தைக்குக் கொண்டுவந்து, யாரோ கட்டி, யாரோ முழம் போட்டு விற்றிருக்கிறார்கள். வாங்கியவர் பிணம் கிடக்கும் வீட்டுக்குள் வந்து, இறந்தவளின் கணவர் படத்துக்கு அதைப் போட்டுவிட்டு, ஒருவரையும் கூப்பிடாமல் போயிருக்கிறார்.

ஏன்?

உங்கள் அம்மா மூன்றாம் அத்தியாயத்தில் வந்து சேர்ந்த இடம் இது. என் ஆய்வாளர் வெளியூர்க்காரர், அவருக்கு இங்கே வந்துசேர ஒன்பதாம் அத்தியாயம் ஆகிறது. நாவலின் மீதி முழுவதும் இந்த "ஏன்" மேலேதான் நிற்கிறது. அம்மா இதற்குப் பிறகும் கடைசிவரை கேட்டிருக்கிறார் அல்லவா? மேலே போக அவருக்கு ஏதோ பாக்கி இருந்திருக்கிறது. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் தம்பி ஆய்வாளரின் கட்சி. அவரும் அதைத்தான் சொல்லி இரண்டு அத்தியாயங்களை வீணடிக்கிறார். உங்கள் அம்மா வாசத்தை வைத்து மடக்கிவிட்டார். இரண்டாம் அத்தியாயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அன்று இரவு மின்தடை, தெருவே பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறது. அந்த மின்தடை எதற்கு என்று இன்றுவரை ஒரு வாசகரும் கேட்கவில்லை. சித்திரை மாதத்து மின்தடைக்கு மதுரையில் யார் காரணம் கேட்பார்கள் என்ற தைரியத்தில்தான் அதை அவ்வளவு வெளிச்சமாக வைத்தேன்.

கதையை மார்கழியில் வைக்கத்தான் எனக்கு ஆசை. பனி, கோலம், விடியுமுன் நடமாட்டம், கொலைக்கு வேண்டிய எல்லாமே அந்த மாதத்தில் இருக்கிறது. பூ விடவில்லை. பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும். அந்த விலையில் ஒருவர் நீளமாகச் சரம் வாங்கிவந்து படத்துக்குப் போட்டால் கையில் காசு புழங்குகிற ஆள் என்று தெருவுக்கே தெரிந்துவிடும், சந்தேகப் பட்டியலில் பாதிப் பேர் அங்கேயே கழன்றுவிடுவார்கள். சித்திரையில் வரத்து அதிகம், முகூர்த்த நாள் இல்லாவிட்டால் விலை சில நூறுக்கு இறங்கும். யார் வேண்டுமானாலும் இரண்டு முழம் வாங்கலாம். எனக்கு அந்த "யார் வேண்டுமானாலும்" தேவைப்பட்டது. ஆகவே மார்கழியைக் கைவிட்டேன்.

2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஏன் நாவலில் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். பூக்கட்டும் பெண்கள் அதைப் பேசி நான் கேட்டதில்லை. நூல் விலை, கட்டுக்கூலி, சாயங்காலம் மழை வருமா என்பதைத்தான் பேசுகிறார்கள். என் பாத்திரங்களும் அப்படியே.

யாராலும் ஊகிக்க முடியாத கதைதான் உயர்ந்தது என்ற தம்பியின் கட்சிக்கு வருகிறேன். ஊகிக்க முடியாமல் எழுதுவது மிகச் சுலபம். கடைசி அத்தியாயத்தில் இரட்டைச் சகோதரனைக் கொண்டுவரலாம். பெயர் தெரியாத காட்டு விஷம் ஒன்றைக் குடிக்கவைக்கலாம். துப்பறிகிறவர் ஒரு கடிதத்தை நமக்குக் காட்டாமல் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருந்து முடிவில் எடுக்கலாம். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர்தான், 1929-இல் இந்த மூன்றுக்கும் தடை போட்டுப் பத்து விதிகள் எழுதினார். இரட்டையரைக் கொண்டுவருவதானால் வாசகரை முன்பே தயார்செய்துவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. விதிகளை மீறியும் நல்ல கதைகள் வந்திருக்கின்றன, அது வேறு. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களைப் படித்து வளர்ந்தவன் நான். இரட்டையரும் காட்டு விஷமும் எனக்குத் தந்த இரவுகளைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் விஷத்தைப் பற்றி ஆசிரியர் சொல்வதற்குத் தலையாட்டுவதைத் தவிர வாசகரால் வேறென்ன செய்ய முடியும்? பூவை அவர் வீட்டிலேயே ஆணியில் மாட்டிப் பார்த்துவிடலாம். அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகி அப்படியே செய்து, எப்போது எவ்வளவு விரிந்தது என்று மணிவாரியாகக் குறித்து அனுப்பியிருக்கிறார். என் நாவலைவிடச் சுவாரசியமான அட்டவணை.

புத்தகம் பரவியதற்கும் எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். வருகிற கடிதங்களில் பாதி, ஆளுக்கொரு இடத்தில் என்னைப் பிடித்துவிட்டதாகச் சொல்கிறவை. ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் எழுதியிருந்தார். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பாத்திரம் தேனி பஸ்ஸில் வந்து மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் இறங்கியதாகச் சொல்கிறது. தேனி வண்டி வந்து நிற்பது ஆரப்பாளையத்தில், ஆகவே இவன் பொய்யன் என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார். பொய்தான். அந்தப் பொய்க்கும் கொலைக்கும் சம்பந்தம் இல்லை என்பதால் இங்கே சொல்கிறேன். நடத்துநருக்கு அந்த இடம், உங்கள் அம்மாவுக்குப் பூ. ஒருவர் படித்துவிட்டு நீ இதைக் கவனித்தாயா என்று அடுத்தவரைக் கேட்கிறார், அந்த அடுத்தவர் வீம்புக்காகவாவது படிக்கிறார்.

இதில் நான் எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் கையெழுத்துக்காக வரிசை நின்றது. எனக்கு நேர் எதிரே வந்த ஒரு பையன், பள்ளி மாணவன், உற்சாகத்தில் "சார், கொன்றது அந்த…" என்று தொடங்கிவிட்டான். எனக்கு முன்னால் வரிசையே சீறியது. பின்னாலிருந்த பெரியவர் அவன் வாயைப் பொத்தினார். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், இன்னும் வாங்காதவர்கள் நிற்கிறார்கள் தம்பி என்று அதட்டினார். முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும். மதுரையில் ஒரு சங்கதி ஒரு டீக்கடையிலிருந்து அடுத்த டீக்கடைக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் ஒரு கொலைகாரனின் பெயரை இத்தனை பேர் வயிற்றுக்குள் வைத்திருக்கிறார்கள். விற்பனைக் கணக்கைவிட இதுதான் எனக்குப் பெருமையாக இருக்கிறது. (அந்த நான்கு வரிகளை நான் ஏன் வெட்டினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.)

இரண்டாம் பதிப்பின் அட்டையில் "அதிரவைக்கும் திருப்பம்" என்று ஒரு பட்டை ஒட்டப் பதிப்பாளர் விரும்பினார். மறுத்துவிட்டேன். திருப்பம் உண்டு என்று சொன்ன மறுநிமிடமே வாசகர் கதையை விட்டுவிட்டு அதைத் தேட ஆரம்பித்துவிடுவார். உங்கள் அம்மாவும் மொட்டைக் கவனித்திருக்க மாட்டார், ஆசிரியர் எங்கே ஏமாற்றுகிறார் என்று என்னைக் கவனித்திருப்பார்.

302 பற்றி. கதை நடப்பது 2019-இல். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது, கொலைக்கு அதில் 103-ஆம் பிரிவு. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே. ஆகவே என் கொலையாளிக்கு 302-தான்.

ஆய்வாளர் வருவார், எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்ததில் பூ கிடையாது. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் கதை நடக்கிறது. அகத்தி நிழலுக்குள் நடந்து பார்த்துவிட்டேன், வெற்றிலையைக் கவுளி கவுளியாகக் கட்டி அடுக்குவதையும் பார்த்தேன். பறித்த வெற்றிலை வெயில் நாளில் எவ்வளவு நேரம் வாடாமல் தாங்கும் என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அந்தப் பக்கம் கொடிக்கால் வைத்திருக்கும் உறவினர் யாராவது உங்களுக்கு இருந்தால் எழுதுங்கள். அம்மாவிடம் கேட்டால் நிச்சயம் ஒருவர் இருப்பார். எதற்கு என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
மதுரை