கற்பூரம் அணைத்த கை

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். தினமும் சம்சு, அந்த மலிவுச் சாராயம்தான். தைப்பூச விரதத்தில் மட்டும் 48 நாள் தொடமாட்டார், காவடி இறக்கிய மறுநாளே பழைய கதை. முன்பெல்லாம் விரதம் தொடங்கும்போது கை லேசாக நடுங்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும். இந்த வருஷம் மூன்றாம் நாள் ராத்திரி, சுவரெல்லாம் எறும்பு என்று விடியும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார். மாமியார் காத்துக் கருப்பு என்று விபூதி போட்டார்கள். பயத்தில் மறுபடி குடித்துவிட்டார். இப்போது பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கச் சொல்கிறார்கள். காப்பியில் கலக்க ஒரு பொடி, 300 வெள்ளி என்கிறார் ஒருவர். நான் எதைச் செய்ய?

ம.

அன்புள்ள தங்கைக்கு,

பொடி வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இந்தப் பதில் உங்களுக்கு வந்து சேர்வதற்குள் யாராவது வீட்டு வாசலிலேயே வந்து விற்றுவிட்டுப் போகலாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு, அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தமும் இறங்கும். அதனால்தான் டாக்டர் விவரம் சொல்லி, சாப்பிடுகிறவர் சரி என்ற பிறகு கொடுக்கிறார். லோரி ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் அப்படி ஒன்றைக் கலந்து கொடுத்தால் என்ன ஆகும்?

அந்த எறும்பு காத்துக் கருப்பு இல்லை. தினமும் உள்ளே போகும் மது மூளையை மந்தமாக்குகிறது, அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது, ஒருநாள் மதுவைச் சட்டென்று நிறுத்தினால் அந்த வேகம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம், ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து ஆள் அடையாளம்கூடத் தப்பிப்போகலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். இப்படி நிறுத்தி, குடித்து, மறுபடி நிறுத்தும்போது ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கடுமையாகவும் வரலாம். உங்கள் வீட்டில் நடந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். விரதத்தை நான் குறை சொல்லவில்லை, அந்த 48 நாள் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இனி அதன் முதல் ஒரு வாரம் டாக்டர் கண்ணில் இருக்க வேண்டும். வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த வைக்காதீர்கள். நடுக்கத்தை அடக்க மருந்தும், பி1 வைட்டமின் ஊசியும் போட்டுப் பக்குவமாக இறக்குவார்கள்.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். காலையில் தேத்தண்ணி கிளாஸைத் தூக்க முடியாமல், மேசையிலேயே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து வாயை வைத்து உறிஞ்சுவார், நாங்கள் பார்க்காத மாதிரி இருப்போம். குடியை நிறுத்திய இரண்டாம் நாள் வலிப்பு வந்தது, லயத்தில் எல்லாரும் ஓடிவந்து அவர் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். அம்மாதான் தோட்டத்து வேனை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைத்து வந்தார். வந்ததும் அம்மா மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி அணைக்கச் சொன்னார், அப்பாவும் அணைத்தார், உள்ளங்கையில் கரி ஒட்டியிருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஐந்து வாரம் தாங்கியது. சம்பள நாளில் குடித்தார், நான்கு நாள் வீட்டுக்கே வரவில்லை, பழைய ஸ்டோர் திண்ணையில் படுத்திருந்தார். போதை ஒரே ராத்திரியில் தெளிந்திருக்கும். மற்ற மூன்று நாளும் அவரை அங்கே உட்கார வைத்தது அந்தச் சத்தியம்தான்.

அதனால் பிள்ளைகள் தலையில் சத்தியம் வாங்காதீர்கள். சறுக்கினால் பிள்ளை முகத்தைப் பார்க்கப் பயந்து ஒளிவார், ஒளிந்தால் இன்னும் குடிப்பார். குடிநோய் சறுக்கிச் சறுக்கித்தான் பலருக்குக் குணமாகிறது. குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கிறவர்களின் இயக்கம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதைத் தொடங்கிய இருவரில் டாக்டர் பாப், 1935 மே மாதம் மற்றவரான பில் வில்சனைச் சந்தித்துக் குடியை விட்டார், சில வாரத்திலேயே ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். யாரும் அவரைத் துரத்தவில்லை. அந்த ஜூன் 10 அன்று அவர் குடித்ததுதான் கடைசி என்கிறார்கள், அந்த இயக்கம் அதையே தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

உங்களுக்குப் பக்கத்திலேயே தஞ்சோங் ரம்புத்தான் இருக்கிறது. அந்தப் பெயரை நம் ஆட்கள் வசவாகவே ஆக்கிவிட்டோம், அங்கே 1911 முதல் நடக்கும் மனநல ஆஸ்பத்திரிக்கு பஹாகியா, அதாவது மகிழ்ச்சி என்று பெயர். டாக்டர் அங்கே அனுப்பினால் வெட்கப்படாமல் போங்கள். முதலில் அரசாங்க கிளினிக் போதும். மனசு தாங்காமல் போனால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்குக் கூப்பிடலாம், அது உங்களுக்கும்தான். குடிக்கிறவர்களின் குடும்பத்துக்கென்றே 1951ல் அல்-அனான் தொடங்கினார்கள், தொடங்கியவர்களில் ஒருவர் அந்த பில் வில்சனின் மனைவி லோயிஸ். உங்கள் வீட்டுக்காரர் வேலைக்கு மட்டம் போட்டால் முதலாளிக்கு போன் போட்டு காய்ச்சல் என்று நீங்கள் பொய் சொல்ல வேண்டாம், கடைக்கடனையும் அடைக்க வேண்டாம். கை நீட்டினால் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

கிளினிக்குக் கிளம்பும்முன் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை போத்தல், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, போனமுறை கண்ணில் என்னென்ன தெரிந்தது. அவர் குறைத்துத்தான் சொல்வார். என் அப்பாவும் டாக்டரிடம் ஒன்று என்றார், பின்னால் நின்ற அம்மா சத்தமில்லாமல் மூன்று விரலைக் காட்டினார்.

அன்புடன்,
அக்கா