ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள்

பழைய பிக்கப் டிரக்குகளின் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வயரிங் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவின் மிச்சிகன், கனடாவின் ஒன்டாரியோ பக்கம் இருப்பவர்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்கள் என்பதால் பாதிப் பதில் அந்த உப்பிலேயே இருக்கிறது.

கேள்வி: 2003 செவ்ரலே சில்வராடோ. ஏபிஎஸ் விளக்கு அணைவதே இல்லை. ஸ்கேனரில் சி0265, சி0201 என்ற கோளாறு கோட்கள் வருகின்றன. மாட்யூலையே (ஏபிஎஸ்ஸை இயக்கும் கணினிப் பெட்டி) மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். கோட் சொல்வது எந்தச் சுற்றில் கோளாறு என்பதைத்தான், எந்தப் பாகம் கெட்டது என்பதை அல்ல. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் படுத்துப் பார்ப்பது டிரைவர் பக்கக் கதவுக்கு அடியில், சேசிஸில் முடுக்கியிருக்கும் எர்த் போல்ட்டைத்தான், அதாவது மாட்யூலின் நெகட்டிவ் வயரை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட்டை. மாட்யூலும் அங்கேயே பக்கத்தில் இருக்கிறது. சக்கரம் வாரியடிக்கும் உப்புத் தண்ணீர் எல்லாம் அந்த இடத்தில்தான் விழும்.

வெளியே பார்த்து முடிவு செய்ய வேண்டாம். என் சொந்த டிரக்கில் போல்ட் நன்றாகத்தான் தெரிந்தது. ஸ்பேனர் வைத்ததும் தலை முறிந்து கையோடு வந்தது. அடியில் துரு, பொரித்த அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது.

ஓம் அளந்தும் ஏமாறாதீர்கள். ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பூஜ்யம் காட்டும், ஆனால் பம்ப் மோட்டார் இழுக்கும் கரண்ட்டை அந்த இழை தாங்காது. அதனால் லோடு கொடுத்துப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு மாட்யூல் கனெக்டரைப் பிரியுங்கள். பேட்டரியைத் திரும்ப மாட்டி, பாசிட்டிவிலிருந்து ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பு வழியாக அந்தக் கனெக்டரின் எர்த் முனைக்கு இணைப்புக் கொடுங்கள். பல்பு எரியும்போது எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே டிசி வோல்ட் அளங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் கோளாறு கிடைத்துவிட்டது.

வயர் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டுங்கள், களிம்பு உறைக்குள்ளேயே வெகுதூரம் போகும். புது லக் (வயர் முனையில் போடும் உலோக வளையம்) போட்டு, சேசிஸில் வேறு நல்ல இடத்தைத் தேய்த்து வெறும் இரும்பில் முடுக்குங்கள். மேலே கிரீஸ் தடவுங்கள். இத்தனைக்கும் பிறகு அதே கோட் வந்தால் மாட்யூலைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: இடது முன் சக்கர வேகத்தை அளக்கும் சென்சார் புதிது. ஆனாலும் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது சி0035 திரும்ப வருகிறது.

ஒடிக்கும்போது மட்டும் வருகிறது என்றால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் அருகே வளைந்து வளைந்து, உறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் விட்டுப்போகும். மாட்யூல் கனெக்டர் முனையிலிருந்து ஓம் அளங்கள், அப்போதுதான் சென்சாரோடு வயரும் சேர்ந்து சோதனையாகும். ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பட்டும். எண் ஒரு கணம் தாவினாலும் போதும், வயர் அறுந்திருப்பது உறுதி.

ஒட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள். அந்த இரண்டு வயரும் ஒன்றோடொன்று முறுக்கித்தான் வரும். வெளி மின் இரைச்சல் சிக்னலில் கலக்காமல் இருக்கவே அந்த முறுக்கு. புது வயரையும் அதேபோல் முறுக்கிப் போட்டு, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். இன்சுலேஷன் டேப் இங்கே ஒரு பனிக்காலம்கூடத் தாங்காது.

கேள்வி: வயர் உறையில் ஊசி குத்தி அளக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அந்த ஓட்டை வழியாகத்தான் உப்புத் தண்ணீர் உள்ளே போகும். கனெக்டரின் பின்புறமாக அளங்கள்.

கேள்வி: 1993 ஃபோர்ட் எஃப்-150. ஏபிஎஸ் விளக்கு எரியும்போதெல்லாம் ஸ்பீடாமீட்டர் முள்ளும் ஆடுகிறது. இரண்டு கோளாறா?

ஒன்றுதான். அந்த வண்டியில் பின் சக்கர ஏபிஎஸ்ஸுக்கும் ஸ்பீடாமீட்டருக்கும் பின் டிஃபரன்ஷியல் (பின் ஆக்சில் நடுவில் இருக்கும் கியர் பெட்டி) மேல் இருக்கும் ஒரே சென்சார்தான் வேகம் சொல்கிறது. அந்தச் சென்சாரை அளந்தால் 900 முதல் 2500 ஓம் வரை இருக்க வேண்டும். கழற்றும்போது நுனியைத் துடைத்துவிடுங்கள், காந்தம் என்பதால் இரும்புத்தூள் அப்பியிருக்கும். அப்புறம் ஆக்சில் மேல் வரும் வயரைத் தடவிப் பாருங்கள்.

கேள்வி: 2001 சில்வராடோ. வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் பெடல் உதறுகிறது, வண்டி கொஞ்சம் ஓடி நிற்கிறது. விளக்கு எரியவில்லை. ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிறேன். வயர் எங்கே போயிருக்கும்?

வயர் போகவில்லை. முன் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) சென்சாருக்கு அடியில் துரு வளர்ந்து, சக்கரத்தோடு சுழலும் பல் வளையத்திலிருந்து சென்சாரை மேலே தூக்கிவிட்டது. இடைவெளி கூடினால் குறைந்த வேகத்தில் சிக்னல் செத்துப்போகும், சக்கரம் பூட்டிக்கொண்டது என்று நினைத்து மாட்யூல் பிரேக்கை விடும். 1999 முதல் 2002 வரையிலான இந்த வகை வண்டிகள் சுமார் 8 லட்சம் இதற்காகவே 2005இல் உப்பு மாநிலங்களில் திரும்ப அழைக்கப்பட்டன. உங்கள் வண்டிக்கு அந்த வேலை முடிந்ததா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள்.

சென்சாரைக் கழற்றி, அடியில் இருக்கும் துருவை வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து மாட்டுங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றி ஏசி வோல்ட் அளந்து, இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் 100 மில்லிவோல்ட்டுக்குக் கீழே நின்றால் அந்தப் பக்கம் இன்னும் சரியாகவில்லை.

ஃப்யூஸை இன்றே திரும்ப மாட்டிவிடுங்கள், தயவுசெய்து. இந்த வண்டியில் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதை அளந்து கொடுப்பதும் அதே மாட்யூல்தான். ஃப்யூஸ் இல்லாவிட்டால் ஏபிஎஸ்ஸோடு அதுவும் போகிறது, சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிவது அதனால்தான். காலியான பின் தொட்டியோடு ஈரச் சாலையில் அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழன்றுவிடும். ஹப்பைச் சுத்தம் செய்யும்வரை மெதுவாக, முன் வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.