கார் இல்லாமல் லண்டனைச் சுற்றியுள்ள கிராமங்களைப் பார்ப்பது எப்படி?

கேள்வி: மே, ஜூன் மாதங்களில் ஆறு வாரம் லண்டனில் மகள் வீட்டில் தங்கப் போகிறோம். எனக்கு 64 வயது, மனைவிக்கு 61. மகளும் மருமகனும் வார நாட்களில் வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரே நாளில் நான்கு ஊர் காட்டும் சுற்றுலா பஸ் எங்களுக்கு ஒத்துவராது. ரயிலிலும் பஸ்ஸிலும் நாங்களே போய், கிராமப்புறத்தில் நிதானமாக நடந்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஆசை. மனைவிக்கு மூட்டுவலி; சமதரையில் நான்கைந்து கிலோமீட்டர் நடப்பார், மேடு ஏறமாட்டார். எங்கே போகலாம், டிக்கெட்டை எப்படி எடுப்பது?

பதில்: தாராளமாகப் போகலாம். லண்டனைச் சுற்றி எந்தத் திசையில் ரயில் ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்குள் வயல்வெளி வந்துவிடும். ஆனால் இந்த மாதிரிப் பயணங்கள் கெடுவது ரயிலால் அல்ல. ரயிலை விட்டு இறங்கிய பிறகு போகவேண்டிய கடைசி ஐந்தாறு மைல்தான் சிக்கல். அழகான கிராமத்தின் படத்தைப் பார்த்து மயங்கி, அதற்கு எப்படிப் போவது என்று பிறகு தேடினால், ஒரு ரயில், இரண்டு பஸ், அதில் ஒன்று நாளைக்கு மூன்று முறைதான் என்று வந்து நிற்கும். அதனால் தேடும் வரிசையையே மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் வாசலிலிருந்தே நடக்க ஆரம்பிக்கக்கூடிய ஊர்கள் முதலில். ஸ்டேஷனிலிருந்து அடிக்கடி ஓடும் ஒரே பஸ்ஸில் போகக்கூடியவை அடுத்து. மற்றதெல்லாம் கார் வைத்திருப்பவர்களுக்கு.

உங்கள் மனைவியின் மூட்டை மனதில் வைத்து நான் முதலில் சொல்லும் ஊர் பெர்க்கம்ஸ்டெட். லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து முக்கால் மணிக்குள் போய்விடலாம். ஸ்டேஷனின் ஒரு பக்கம் இறங்கினால் நார்மன் காலத்துக் கோட்டையின் இடிபாடு. 1066இல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தபோது ஆங்கிலேயப் பிரபுக்கள் அவரிடம் பணிந்தது இந்த ஊரில்தான் என்பார்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. மறு பக்கம் இறங்கினால் கிராண்ட் யூனியன் கால்வாய். அந்தக் காலத்தில் குதிரைகள் சரக்குப் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரைதான் இப்போது நடைபாதை. குதிரை நடக்கப் போட்ட பாதை என்பதால் மேடு பள்ளம் கிடையாது; படகை ஏற்றி இறக்கும் மதகு வரும் இடங்களில் மட்டும் லேசான சரிவு.

அந்த மதகுகளில் ஒன்றின் பக்கத்தில் அரை மணி நேரமாவது உட்காருங்கள். ஆள் உயரத்தைவிடச் சற்றே அகலமான நீளப் படகு ஒன்று உள்ளே வரும். கதவை மூடுவார்கள். கரையில் நிற்பவர் ஒரு இரும்புக் கைப்பிடியைப் பற்சக்கரத்தில் மாட்டிச் சுற்றுவார். கீழே அடைப்பு திறந்து தண்ணீர் வடியும், படகு சுவரோடு சுவராக மெல்ல இறங்கும். இரு பக்கமும் நீர்மட்டம் சமமானதும் கதவோடு சேர்ந்த நீண்ட மரத்தண்டில் முதுகைக் கொடுத்துத் தள்ளித் திறப்பார்கள். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. நீங்கள் நின்று பார்த்தால் உங்களையும் தள்ளச் சொல்வார்கள், மறுக்காதீர்கள். நடந்து அலுத்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். கால்வாய்க்கரையின் பெரிய வசதியே இதுதான்: எந்த இடத்திலும் பயணத்தை முடித்துக்கொள்ளலாம், வழி தவறவும் முடியாது.

இன்னும் எளிதாக வேண்டுமென்றால் லண்டன் சுரங்க ரயிலின் மெட்ரோபாலிட்டன் பாதையில் ரிக்மன்ஸ்வொர்த். இதே கால்வாய் அங்கேயும் வருகிறது. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஏரிகள், சுற்றிச் சமதரைப் பாதை. லண்டன் போக்குவரத்தின் ஏழாவது கட்டண மண்டலத்துக்குள் வருவதால், லண்டன் ரயிலிலும் பஸ்ஸிலும் தட்டிவிட்டுப் போகும் ஆய்ஸ்டர் அட்டையே போதும். அதே பாதையின் கடைசியில் ஒன்பதாவது மண்டலத்தில் அமர்ஷம். அதன் பழைய ஊர் அழகுதான், ஆனால் ஸ்டேஷனிலிருந்து இறக்கத்தில் இருக்கிறது. போகும்போது சுகம், திரும்பும்போது மூட்டு பேசும். ஒன்று மறக்கவேண்டாம்: மெட்ரோபாலிட்டன் ரயில்களில் கழிப்பறை இல்லை. மற்ற இடங்களுக்குப் போகும் நீண்டதூர ரயில்களில் பெரும்பாலும் உண்டு.

கடலும் பார்க்கவேண்டும் என்றால் செவன் சிஸ்டர்ஸ் என்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள். படங்களைப் பார்த்துவிட்டு "மலையேறவேண்டுமே" என்று விட்டுவிடாதீர்கள். லண்டன் விக்டோரியா ஸ்டேஷனிலிருந்து ஈஸ்ட்போர்ன் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கே ஸ்டேஷன் பக்கத்திலேயே பிரைட்டன் போகும் 12ஆம் எண் பஸ் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். மாடியில் முன்வரிசையைப் பிடியுங்கள். வழியில் தெரியும் மேட்டுநிலக் காட்சிக்கே டிக்கெட் காசு தகும். எக்சீட் என்ற இடத்தில் இறங்கினால் கக்மியர் ஆறு வளைந்து வளைந்து கடலுக்குப் போகும் பள்ளத்தாக்கு. ஆற்றோரமாக ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சமமான பாதை, முடிவில் கூழாங்கல் கடற்கரை, பக்கத்திலேயே பாறைச்சுவர் எழும்பி நிற்கும். போகவர நான்கு கிலோமீட்டர், உங்கள் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. பாறையின் அடியில் போய் உட்காருவதும், மேலே விளிம்பில் நின்று படம் எடுப்பதும் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புப் பாறை முன்னறிவிப்பு இல்லாமல் சரிந்து விழும். வேலியும் பெரும்பாலான இடங்களில் கிடையாது.

விக்டோரியாவிலிருந்து போகக்கூடிய இன்னொரு ஊர் அருண்டெல். ஸ்டேஷனிலிருந்தே கோட்டை தெரியும், பத்து நிமிட நடையில் ஊர், ஊரை ஒட்டி ஆறு. பஸ்ஸே தேவையில்லை.

இனி, எல்லோரும் உங்களிடம் சொல்லப்போகும் இரண்டு பெயர்கள். பாக்ஸ் ஹில் என்ற குன்றுக்கு நல்ல பெயர் இருப்பது நியாயம்தான். லண்டனிலிருந்து ஒரு மணிக்குள், மோல் ஆற்றில் வரிசையாகப் போட்ட கற்களைத் தாண்டிப் போகும் வழி குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஆற்றைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். மருமகனையும் பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அனுப்புங்கள்.

அடுத்தது காட்ஸ்வோல்ட்ஸ் என்ற கிராமப்பகுதி. தேன் நிறக் கல் வீடுகளின் படத்தைப் பார்த்தால் யாருக்கும் போகத்தான் தோன்றும். பாடிங்டனிலிருந்து மோர்ட்டன்-இன்-மார்ஷ் வரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து 801ஆம் எண் பஸ்ஸில் ஸ்டோ, போர்ட்டன்-ஆன்-த-வாட்டர். இரண்டு ஊரையும் ஒரு வார நாளில் பார்க்கலாம். அதற்குமேல் பைபரி போன்ற ஊர்களையும் சேர்க்க நினைத்தால் பொழுது முழுக்க பஸ் நிறுத்தத்தில்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை பஸ் மிகக் குறைவு, அன்றைக்குப் போகவே வேண்டாம். செவ்வாய்க்கிழமை மோர்ட்டனில் சந்தை கூடும். அன்று போனால் சந்தையைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு ஊருக்குப் பஸ் ஏறி இறங்கித் திரும்புவது நிறைவான திட்டம்.

டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் ரயில் கட்டண முறை உள்ளூர்க்காரர்களையே குழப்பும். உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். வார நாட்களில் காலை நெரிசல் நேரம் முடிந்த பிறகு, பொதுவாக ஒன்பதரை மணிவாக்கில், "ஆஃப்-பீக்" என்ற மலிவான கட்டணம் தொடங்கும். வார இறுதியில் நாள் முழுக்க அதுதான். ஒரே நாளில் போய்வரும் ஆஃப்-பீக் டிக்கெட் எடுத்தால் திரும்பி வர எந்த ரயில் என்ற கட்டுப்பாடு பெரும்பாலும் இருக்காது. "அட்வான்ஸ்" டிக்கெட் மலிவாகத் தெரியும், ஆனால் குறிப்பிட்ட ரயிலில் மட்டுமே செல்லும். ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு கடிகாரத்தைப் பார்க்கவேண்டி வரும், அது வேண்டாம். டிக்கெட்டில் "லண்டன் டெர்மினல்ஸ்" என்று அச்சிட்டிருந்தால் பயப்படவேண்டாம். அந்த வழித்தடத்துக்குப் பொருந்தும் லண்டன் ஸ்டேஷன் எதிலும் ஏறலாம், இறங்கலாம் என்று பொருள்.

நீங்கள் இருவரும் எப்போதும் சேர்ந்தே போவதானால் "டூ டுகெதர்" ரயில்கார்டு வாங்குங்கள். 35 பவுண்டு, இருவருக்கும் சேர்த்து ஒரே கார்டு, டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாட்களில் ஒன்பதரைக்கு முன்னால் செல்லாது. 60 வயதானவர்களுக்கான சீனியர் ரயில்கார்டை வெளிநாட்டவரும் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம், ஆனால் ஆளுக்கொன்று வாங்கவேண்டும். ஆறு வாரத்துக்கு அது வீண். மகள் குடும்பத்தோடு வார இறுதியில் போகும்போது மகள் பெயரில் நெட்வொர்க் ரயில்கார்டு இருந்தால் அவரோடு இன்னும் மூன்று பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயதுள்ள நான்கு பிள்ளைகள் வரை 60 சதவீதமும் தள்ளுபடி. வார நாட்களில் அது பத்து மணிக்கு மேல்தான், அதோடு குறைந்தபட்சக் கட்டணம் 13 பவுண்டு என்ற நிபந்தனை இருப்பதால் பக்கத்து ஊர்களுக்குப் பயனில்லை. ஒரே ஒரு தடவைதான் எல்லோரும் சேர்ந்து போகப்போகிறீர்கள் என்றால் கார்டே வேண்டாம்: மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து போனால் பல ரயில் நிறுவனங்களில் "குரூப்சேவ்" என்ற தள்ளுபடி கிடைக்கும், கவுன்டரில் கேளுங்கள்.

ஆய்ஸ்டரையோ வங்கி அட்டையையோ தட்டிவிட்டுப் போகும் பழக்கம் லண்டனில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஊருக்கு வெளியே அது எல்லா ஸ்டேஷனிலும் செல்லாது. எல்லை தாண்டி இறங்கிவிட்டால் "தெரியாது" என்பது பதிலாகாது. அபராதம் 100 பவுண்டு, அதற்கு மேல் டிக்கெட் காசும் உண்டு. போகும் ஊர் அந்த எல்லைக்குள் வருகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். செல்லும் இடங்களிலும் இருவரும் ஆளுக்கொரு அட்டை தட்டவேண்டும். ஏறும்போது தட்டியதையேதான் இறங்கும்போதும் தட்டவேண்டும். ஒரே கணக்காக இருந்தாலும் அட்டையும் போனும் வேறு வேறாகத்தான் கணக்காகும். வங்கி அட்டையில் ரயில்கார்டு தள்ளுபடி கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பஸ் கதை சுலபம். லண்டனுக்கு வெளியே பெரும்பாலான பஸ்களில் ஒரு தடவைக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை என்ற உச்சவரம்பு 2025 தொடக்கத்திலிருந்து இருக்கிறது. 60 வயதுக்கு இலவசம் என்று யாராவது சொன்னால், அது லண்டனில் குடியிருப்பவர்களுக்குச் சொன்னது. கிராமத்து நிறுத்தத்தில் பஸ் தானாக நிற்கும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், கையை நீட்டுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். "இருட்டுவதற்குள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஜூனில் லண்டனில் இருட்டுவதற்கு இரவு ஒன்பது மணி தாண்டிவிடும். ஆறு மணிக்கு நடுப்பகல் போல வெயில் அடிக்கும், பொழுது நிறைய இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பல கிராமத்து பஸ்களின் கடைசி நடை அதற்குள் போயிருக்கும். அதனால் சூரியனை நம்பாமல் அட்டவணையை நம்புங்கள். வீட்டை விட்டுக் கிளம்புமுன் முதலில் பார்க்கவேண்டியது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது. அதற்கு முந்தைய பஸ்ஸை உங்கள் பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். அது தவறினால் கடைசி பஸ் கைகொடுக்கும். கடைசியும் தவறினால் டாக்சிதான். கிராமத்தில் ஆப்பைத் திறந்தால் வண்டி வந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சிக்னலே கிடைக்காத பள்ளத்தாக்குகளும் உண்டு. திரும்பும் நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

மே மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும் பொது விடுமுறை. அன்று பஸ்கள் ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் ஓடலாம். தண்டவாளப் பராமரிப்பு வேலைகளையும் இப்படிப்பட்ட நாட்களிலும் வார இறுதிகளிலும்தான் வைத்துக்கொள்வார்கள். ரயிலுக்குப் பதில் பஸ் விட்டால் ஒரு மணி நேரப் பயணம் இரண்டாகும். முந்தின நாள் இரவு நேஷனல் ரயில் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். உங்களுக்கு வார நாட்கள் முழுக்கக் காலியாக இருப்பதால், செவ்வாயிலிருந்து வியாழனுக்குள் போவதே நல்லது.

நடக்கும்போது தயங்கவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. "பொது நடைபாதை" என்று பலகை வைத்த பாதை திடீரென்று யாரோ ஒருவரின் வயலுக்குள்ளோ பண்ணை முற்றத்துக்குள்ளோ நுழையும். தாராளமாகப் போகலாம், சட்டப்படி எல்லோருக்கும் வழி உண்டு. மஞ்சள் அம்புக்குறி தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் திறந்த கதவைத் திரும்பச் சாத்திவிட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் மாட்டின் அருகே போகாதீர்கள். வேலியைத் தாண்ட மரப்படி ஏறி இறங்கவேண்டிய இடங்கள் வயல் பாதைகளில் வரும், உங்கள் மனைவிக்குச் சிரமம். நான் மேலே சொன்ன கால்வாய்ப் பாதையில் அந்தத் தொல்லை கிடையாது.

சாப்பாடு? கிராமத்து பப்களில் மதிய அடுப்பு இரண்டு, இரண்டரைக்கே அணைந்துவிடுவது சகஜம், பிறகு சாயங்காலம்தான். பன்னிரண்டரைக்கே உட்கார்ந்துவிடுங்கள், இல்லையென்றால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போய்விடுங்கள். ரயில் தாமதமானால் டிக்கெட்டைத் தூக்கிப் போடவேண்டாம். நிறுவனத்தைப் பொறுத்து 15 அல்லது 30 நிமிடத் தாமதத்துக்கே ஒரு பகுதிப் பணம் திரும்பக் கிடைக்கும், மகளிடம் சொன்னால் விண்ணப்பித்துக் கொடுப்பார்.