மாணவர் கேள்வி - பேராசிரியர் பதில்: மூன்றாம் ஆண்டு உயிரியல்

கேள்வி: இளநிலை விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மூலக்கூறு உயிரியலில் நல்ல மதிப்பெண் எடுக்கிறேன். ஆயினும், டி.என்.ஏ. பாதி பழமை பேணும் முறையில் (புதிய மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது என) இரட்டிப்பாகிறது என்பது எப்படித் தெரிய வந்தது என்று துறைக்கு வந்த விருந்தினர் ஒருவர் கேட்டபோது, மெசல்சன், ஸ்டால் என்ற பெயர்களுக்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. நான் படிக்கும் முறையில் எங்கே பிழை?
- மாணவி, தென்காசி மாவட்டம்

பதில்: முடிவை மட்டும் படித்து, அதற்குக் கொண்டுசென்ற சோதனையை விட்டுவிடுவதுதான் பிழை. முதலிரண்டு ஆண்டுகளில் அது உங்களைக் காப்பாற்றியிருக்கும். மூன்றாம் ஆண்டுப் பாடங்களில் காப்பாற்றாது. 1958இல் வெளியான அந்தச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். கன நைட்ரஜன் கலந்த ஊடகத்தில் பல தலைமுறைகள் வளர்த்த ஈ.கோலை பாக்டீரியாக்களைச் சாதாரண நைட்ரஜன் உள்ள ஊடகத்துக்கு மாற்றி, அவற்றின் டி.என்.ஏ.வைச் சீசியம் குளோரைடு கரைசலில் அதிவேகமாகச் சுழற்றினால், அது தன் அடர்த்திக்கேற்ற உயரத்தில் ஒரு பட்டையாக நிற்கும். முதல் தலைமுறைக்குப் பின் கனத்துக்கும் லேசுக்கும் நடுவே ஒரே ஒரு பட்டை தெரிந்தது. பழைய இரண்டு இழைகளும் ஒன்றாகவே இருக்க, புதிய இரண்டும் தனியே சேரும் பழமை பேணும் முறை உண்மையென்றால் கனமாக ஒன்று, லேசாக ஒன்று என இரண்டு பட்டைகள் வந்திருக்க வேண்டும்; ஆகவே அது அப்போதே விலக்கப்பட்டது.

பெரும்பாலான விடைத்தாள்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஒவ்வோர் இழையிலும் பழைய துண்டுகளும் புதிய துண்டுகளும் கலந்திருக்கும் சிதறல் முறை உண்மையாக இருந்தாலும் முதல் தலைமுறையில் அதே நடுப்பட்டைதான் வந்திருக்கும் அல்லவா? இரண்டாம் தலைமுறையில் நடுப்பட்டையும் லேசான பட்டையும் சம அளவில் தோன்றிய பிறகுதான், அப்போதும் ஒரே பட்டையைத் தரவேண்டிய சிதறல் முறையும் விலகியது. இனி எந்தப் பாடத்தைப் படித்தாலும், முடிவு வேறாக இருந்திருந்தால் இச்சோதனையில் என்ன தெரிந்திருக்கும் என்று கேட்டு, அதற்கான படத்தைத் தாளில் நீங்களே வரைந்து பாருங்கள்.

கேள்வி: கணிதம் வேண்டாம் என்றுதான் தாவரவியலில் சேர்ந்தேன். உயிரிப் புள்ளியியலை ஏன் கட்டாயமாக்குகிறார்கள்?
- மாணவர், சேலம்

பதில்: மரபியலின் முன்னோடியான மெண்டல் தம் பட்டாணிச் சோதனையில் எண்ணிய விதைகளில் 5,474 உருண்டையானவை, 1,850 சுருங்கியவை. இதை அவர் கோட்பாடு சொல்லும் 3:1 விகிதம் என்று கூசாமல் எழுதிவிடுகிறோம். ஆனால் மொத்தமான 7,324 விதைகளைச் சரியாக 3:1 எனப் பிரித்தால் 5,493, 1,831 என்றுதான் வரும். இந்தப் 19 விதை வேறுபாடு தற்செயலானதா, கோட்பாடே தவறு என்று காட்டுவதா? ஒவ்வொரு வகையிலும் வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் சுமார் 0.26 கிடைக்கிறது, இரண்டு வகைகள் மட்டுமே உள்ள இக்கணக்கில், தற்செயலால் மட்டும் நூற்றில் ஐந்து முறையே தாண்டக்கூடிய எல்லை 3.84. ஆகவே இவ்வேறுபாட்டைத் தற்செயல் என்று கொள்ளத் தடையில்லை. கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும் தவிர இதில் வேறு கணிதம் இல்லை. மரபியல் தாளைப் படிக்கும் அதே வாரத்தில் இக்கணக்கையும் போட்டால் இரண்டு பாடங்களும் ஒன்றாகத் தெளியும்.

கேள்வி: விருப்பப் பாடமாக, உயிரியல் தரவுகளைக் கணினியில் ஆராயும் உயிரித் தகவலியலை எடுப்பதா, கரு வளர்ச்சியைப் படிக்கும் கருவியலை எடுப்பதா?
- மாணவி, நாகப்பட்டினம்

பதில்: உங்கள் கல்லூரியில் எந்தப் பாடத்தின் செய்முறை உண்மையாகவே நடக்கிறதோ அதை எடுங்கள், முந்தைய ஆண்டு மாணவிகளைக் கேட்டால் தெரிந்துவிடும். கணினிகள் பூட்டிக் கிடக்கும் துறையில் உயிரித் தகவலியலும், முன்பே தயாரித்து வைத்த நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகளை மட்டும் காட்டும் துறையில் கருவியலும் வெறும் மனப்பாடமாகவே முடியும். கருவியலை எடுத்தால், ஆசிரியரிடம் கோழிக்கருச் செய்முறையைக் கேட்டு வாங்குங்கள். கடை முட்டை பெரும்பாலும் கருவுறாதது என்பதால், குஞ்சு பொரிப்பகத்திலிருந்தோ சேவலோடு நாட்டுக்கோழி வளர்ப்பவரிடமிருந்தோ முட்டை வாங்க வேண்டும். சுமார் 38 பாகை செல்சியசில் மூன்று நாள் வைத்திருந்து ஓட்டை மெல்லத் திறந்தால், மஞ்சள் கருவின் மேல் இரத்தக் குழாய்கள் வலையாகப் படர்ந்திருப்பதையும், நடுவே இதயம் துடிப்பதையும் காண்பீர்கள்.