வேலியோரப் பழமும் கீரையும்: இங்கிலாந்தில் பிள்ளைகளோடு பறிக்கப் போகிறவர்களுக்கு

காசு செலவில்லாத, பிள்ளைகள் அலுக்காத ஒரு சனிக்கிழமை வேண்டுமென்றால், ஒரு டப்பாவோடு வயலோரப் பாதைக்குப் போவதைவிட நல்ல வழி கிடையாது. வசந்தத்தில் கீரை, கோடை முடிவில் பழம், அக்டோபரில் கொட்டை. ஒன்றுதான் நிபந்தனை: எதைப் பறிக்கிறோம் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

ஹாரோவிலிருந்து: அக்கா, வீட்டுக்குப் பின்னால் உள்ள பாதையில் பிளாக்பெர்ரி கொத்துக் கொத்தாகத் தொங்குது. பறித்தால் யாரும் கேஸ் போடுவார்களா?

போட மாட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968 திருட்டுச் சட்டத்தின் 4(3) பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தானாக முளைத்து வளர்ந்த செடியிலிருந்து பழமோ பூவோ இலையோ காளானோ பறிப்பது திருட்டு ஆகாது. விற்கப் பறித்தால்தான் குற்றம். வேரோடு பிடுங்குவது வேறு கதை. நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச்செடியையும் பிடுங்கக் கூடாது என்கிறது 1981-ஆம் ஆண்டுச் சட்டம்.

சில இடங்களுக்குத் தனி விதி உண்டு. ரிச்மண்ட், புஷி, கிரீனிச் போன்ற ராயல் பார்க்குகளில் பறிக்கவே கூடாது. எப்பிங் காட்டில் காளானுக்குத் தடை. வாசலில் நட்டிருக்கும் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். பழத்துக்காக வயலுக்குள்ளும் இறங்க வேண்டாம். பாதையோர மரக்கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவர்களுக்கான பொதுப்பாதை. நீல அம்புக்குறி இருந்தால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. நாம் திறந்த கேட்டைத் திரும்பச் சாத்துவதைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்துவிடுங்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: போன வாரம் ஒரு பை நிறையப் பறித்தோம். பாதி புளிப்பு, மீதி மறுநாளே பூஞ்சை. எங்கே தப்பு?

இரண்டு தப்பு. முதலாவது, நிறத்தை மட்டும் பார்த்தது. கறுத்த பிறகும் பளபளப்பாக, இறுக்கமாக இருந்தால் இன்னும் பழுக்கவில்லை. மினுமினுப்பு கொஞ்சம் மங்கி, விரல் பட்டதும் தானே கழன்று வந்தால் அதுதான் பழம். இழுக்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கொத்திலும் நுனிப்பழம்தான் முதலில் பழுக்கும், இனிப்பும் அதற்கே அதிகம். தென் இங்கிலாந்தில் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை நல்ல பருவம்.

இரண்டாவது, பை. அடியில் இருப்பது நசுங்கிச் சாறு விட்டதும் பூஞ்சை ஏறிவிடும். ஐஸ்கிரீம் டப்பா எடுத்துப் போங்கள், மூன்று அடுக்குக்கு மேல் போடாதீர்கள். மழை விட்ட உடனே பறிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கழுவவும் வேண்டாம். சாப்பிடுவதற்குச் சற்று முன் கழுவினால் போதும். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் கழுவி, ஈரம் போக உலர்த்தி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃபிரீசரில் வைத்து, கெட்டியானதும் பையில் போடுங்கள். நாய்கள் போகும் பாதையென்றால் முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ளது வேண்டாம். வண்டிகள் ஓயாமல் போகும் சாலையோரமும் வேண்டாம்.

லெஸ்டரிலிருந்து: பழத்துக்குள் சின்ன வெள்ளைப் புழு. எல்லாவற்றையும் கொட்டிவிடவா?

வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, பழத்தை இருபது நிமிடம் ஊறவிட்டால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கொழகொழத்ததை மட்டும் தள்ளிவிடலாம்.

குரோய்டனிலிருந்து: ஜாம் செய்தேன், சர்பத் மாதிரி ஓடுது.

ஜாமை இறுக வைக்கும் பெக்டின் பிளாக்பெர்ரியில் குறைவு, கனிந்த பழத்தில் இன்னும் குறைவு. ஒரு கிலோ எடுத்தால் அதில் கால் கிலோ செங்காயாக இருக்கட்டும். நூறு மில்லி தண்ணீரும் இரண்டு எலுமிச்சையின் சாறும் விட்டு, பழம் குழையும்வரை பதினைந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். அதற்குப் பிறகுதான் ஒரு கிலோ சர்க்கரை. முன்னாலேயே போட்டால் தோல் விறைத்துவிடும். சர்க்கரை முழுதும் கரைந்த பின் தீயைக் கூட்டிப் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி. ஃபிரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம். ஓடுகிற ஜாமையும் காப்பாற்றலாம்: புளிப்பு ஆப்பிள் ஒன்றைத் துருவிப் போட்டு மறுபடி கொதிக்கவிடுங்கள்.

ரெடிங்கிலிருந்து: அக்டோபரில் மரத்தடியில் செஸ்நட் நிறையக் கிடக்கிறது. சிலர் விஷம் என்கிறார்கள், சிலர் சுட்டுத் தின்கிறார்கள். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரிதான், மரம்தான் வேறு. ஸ்வீட் செஸ்நட்டின் மேலோடு முழுக்க ஊசி ஊசியாக நெருங்கியிருக்கும். வெறும் கையால் தொட முடியாது. உள்ளே இரண்டு மூன்று கொட்டை, ஒரு பக்கம் தட்டை, நுனியில் சிறு குஞ்சம். இலை தனித்தனியாக, நீளமாக, ரம்பப் பல்லோடு இருக்கும். ஹார்ஸ் செஸ்நட்டின் ஓட்டில் குட்டையான முள் அங்கொன்று இங்கொன்றாக. உள்ளே பெரும்பாலும் ஒற்றைக் கொட்டை, உருண்டையாக, வழவழப்பாக, நுனியே இல்லாமல். இலை விரித்த கை மாதிரி, ஐந்து ஏழாகப் பிரிந்திருக்கும். இது விஷம். பிள்ளைகள் கயிற்றில் கோத்து விளையாடும் கான்கர் இதுதான். விளையாடட்டும், வாயில் வைக்கக் கூடாது.

ஸ்வீட் செஸ்நட் கொட்டையைத் தண்ணீரில் போடுங்கள், மிதப்பது சொத்தை. ஒவ்வொன்றிலும் கத்தியால் கீறல் போடாமல் அடுப்பில் வைத்தால் வெடிக்கும். 200 டிகிரி ஓவனில் அரை மணி நேரம், அல்லது இருபது நிமிடம் வேகவைக்கலாம். சூடாக இருக்கும்போதே உரியுங்கள். ஆறினால் உள்தோல் ஒட்டிக்கொள்ளும். ருசி சர்க்கரைவள்ளிக்கிழங்குக்குக் கிட்ட வரும். கடுகு, மிளகாய், தேங்காய் போட்டுச் சுண்டலாகத் தாளித்தால் அத்தனை பொருத்தம்.

ஸ்லௌவிலிருந்து: நெட்டில் (nettle) செடியைக் கீரையாகச் சமைக்கலாமா? அரிக்காதா?

தாராளமாகச் சமைக்கலாம். ஊரில் செந்தட்டி பட்டால் எப்படியோ அப்படித்தான் அரிக்கும், ஆனால் செடி வேறு. மார்ச் முதல் மே வரை, பூ வைப்பதற்கு முன், நுனியில் நான்கைந்து இலையை மட்டும் ரப்பர் கையுறையோடு கிள்ளுங்கள். கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டால் சுணை அடங்கிவிடும். வெந்தால் கைப்பிடியாகச் சுருங்கும் என்பதால் நான்கு பேருக்கு ஒரு பெரிய பை வேண்டும். பாசிப்பருப்புக் கூட்டுக்கு அருமை. பூத்த பின் இலையில் மணல் மாதிரித் துகள் சேரும்; அதைச் சாப்பிட வேண்டாம்.

வெம்பிளியிலிருந்து: காட்டுப்பூண்டு இலையில் துவையல் அரைக்க ஆசை. பூண்டு வாசனை வந்தால் போதும்தானே?

போதாது. ஆபத்து இருப்பது இதில்தான். நாலு இலை கிள்ளியதும் உங்கள் கையே பூண்டு மணக்கும். அதன் பிறகு எதை முகர்ந்தாலும் அதே வாசனைதான். காட்டுப்பூண்டுக்கு நடுவிலேயே லார்ட்ஸ் அண்ட் லேடீஸ் என்ற செடி முளைக்கும். அது நம் சேம்பு, சேனையின் குடும்பம். பச்சையாக வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். முற்றிய இலை அம்புமுனை போலிருக்கும், ஆனால் இளம் இலையில் அந்த வடிவம் தெரியாது. நரம்பைப் பாருங்கள்: காட்டுப்பூண்டில் இணைகோடாக ஓடும், இதில் வலைப்பின்னலாக இருக்கும். லில்லி ஆஃப் த வேலியின் நரம்பும் இணைகோடுதான், அது கொடிய விஷம். அதில் ஒரே தண்டிலிருந்து இரண்டு இலை கிளம்பும். காட்டுப்பூண்டில் ஒவ்வொரு இலைக்கும் தனிக் காம்பு மண்ணிலிருந்தே வரும். கைநிறைய அள்ளாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கிள்ளுங்கள். வீட்டில் அரைக்கும் முன் இன்னொரு முறை பரப்பிப் பாருங்கள்.

லூட்டனிலிருந்து: காளான்?

பிள்ளைகளோடு படம் எடுங்கள், பறிக்காதீர்கள். டெத் கேப் என்ற கொடிய காளானின் விஷம் சமைத்தாலும் போகாது. வாந்தி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கல்லீரலில் வேலை ஆரம்பித்திருக்கும்.

கிங்ஸ்டனிலிருந்து: போய்விட்டு வந்த பிறகு பையன் காலில் உண்ணி ஒட்டியிருந்தது. தீக்குச்சியால் சுடச் சொல்கிறார்கள்.

சுடவும் வேண்டாம், எண்ணெய் தடவவும் வேண்டாம். நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் மெதுவாக நேரே மேலே இழுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்த தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ ஜிபியிடம் உண்ணி கடித்ததைச் சொல்லிக் காட்டுங்கள். அடுத்த முறை பேண்ட் நுனியைக் காலுறைக்குள் செருகிவிட்டால் பெரும்பாலும் ஏறாது.