சனிக்கிழமைச் சம்பளமும் பத்தாண்டுத் திட்டமும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம்ங்க. உங்கள் கட்டுரைகளை நான்கைந்து வருடமாகப் படித்து வருகிறேன். எனக்கு வயது 29. பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். ஏழு வருடம் ஆகிறது. பையருக்கு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, மெயில், சாம்பிள், லேப் டிப் (சாய நிறத்தின் மாதிரித் துண்டு), ஷிப்மென்ட் தேதி என்று நாள் ஓடிவிடுகிறது. சம்பளம் 38,000. எனக்கென்று ஒரு திட்டம் போட்டு எக்செலில் வைத்திருக்கிறேன்: 31 வயதில் சீனியர் மெர்ச்சன்டைசர், 35ல் ஜி.எம்., 40ல் சொந்த கம்பெனி. அதற்காக வார இறுதி எம்.பி.ஏ. ஒன்றில் சேரலாமா என்று பார்க்கிறேன். ஐந்து லட்சம் ஆகும். இதற்கிடையில் கூடப் படித்த நண்பன், ஆளுக்கு 15 லட்சம் போட்டு 40 மெஷினில் தையல் யூனிட் ஆரம்பிக்கலாம் என்கிறான். தோட்டத்தை வைத்துக் கடன் வாங்கித் தர அப்பா தயாராக இருக்கிறார். பெங்களூரில், பையர்களுக்காகச் சரக்கு வாங்கித் தரும் ஒரு பையிங் ஆபீசிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எதை எடுப்பது? தொழிலில் ஜெயித்தவர்கள் எப்படித் திட்டம் போட்டார்கள்? பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் பணம் வரும் இடமெல்லாம் ஒன்று உங்கள் சம்பளம், இல்லையென்றால் உங்கள் செலவு. ஏழு வருடம் ஒரு ஏற்றுமதி கம்பெனிக்குள் இருந்திருக்கிறீர்கள். அந்தக் கம்பெனியின் பணம் எங்கே போகிறது, எத்தனை நாள் கழித்துத் திரும்புகிறது, திரும்பும்போது எவ்வளவு குறைந்து வருகிறது என்று ஒரு வரி இல்லை. குற்றமாகச் சொல்லவில்லை. மெர்ச்சன்டைசர் நாற்காலியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. பையர் தெரிவார், தேதி தெரியும், துணியின் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) தெரியும். பணம் பக்கத்து அறையில் இருக்கிறது.

உங்கள் எக்செலில் பதவிகள் வரிசையாக இருக்கின்றன. அதை அழித்துவிட்டு, எந்தெந்த இடத்தில் போய் உட்காரப் போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். நம் ஊரில் இதை ஒரு முறையாகவே வைத்திருந்தவர்கள் உண்டு. செட்டிநாட்டிலிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கடை வைக்கப் போன நகரத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் பையனைக் கடையில் கொண்டுபோய் விடுவார்கள். முதலில் பெட்டியடிப் பையன்: கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும், கணக்குப்பிள்ளை எழுதுவதைப் பார்க்க வேண்டும், வட்டியை மனக்கணக்காகப் போட வேண்டும். தேறினால் அடுத்தாள். கொடுக்கல் வாங்கலில் அவனுக்கும் ஒரு வேலை வரும், வசூலுக்குப் போவான். அதற்கும் பிறகுதான் மேலாள், அதாவது கடையையே நடத்தும் ஏஜெண்ட். கடல் கடந்து போகிறவருக்கு மூன்று வருடக் கணக்கு. சம்பளச் சீட்டு எழுதி, சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து அனுப்புவார்கள். தவணை முடிந்ததும் ஐந்தொகை, அதாவது சொத்து கடன் எல்லாம் அடங்கிய முடிவுக் கணக்கு, எடுத்து, அடுத்து வருகிறவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். இப்படிச் சில தவணை பார்த்தவர், சேர்த்த பணத்தோடு தனிக் கடை போடுவார். பழைய முதலாளியே அதற்குக் கடன் கொடுப்பதும் உண்டு. கொடுக்காமல் என்ன? அந்த ஆளின் கையெழுத்து, நாணயம், அவசரம் எல்லாம் அவருக்குத் தெரியுமே.

இதை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. அது தங்கள் பையன்களுக்கு மட்டும் திறந்த கதவு. கடன் வாங்கிய பர்மா விவசாயியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கும். ஆனால் படிப்படியாக ஆளைப் பழக்கிய விதத்தைக் கவனியுங்கள். பணப்பெட்டியில் கை வைப்பதற்கு முன்னால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்காருவது. தன் பணத்தைப் போடுவதற்கு முன்னால், அடுத்தவர் பணம் போய் வருவதைச் சில வருடம் பார்ப்பது.

திருப்பூரிலும் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். உங்கள் ஊர் முதலாளிகளில் எத்தனை பேர் பனியன் கம்பெனிக்குள் தொழிலாளியாக நுழைந்தவர்கள் என்று உங்களுக்கே தெரியும். கை மடிப்பதில் ஆரம்பித்து, டெய்லராகி, கட்டிங் பார்த்து, கான்ட்ராக்ட் எடுத்து, அப்புறம் நாலு மெஷின் போட்டவர்கள். அவர்களில் யாரும் ‘40ல் சொந்த கம்பெனி’ என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு பீஸுக்கு எந்த டேபிளில் எத்தனை பைசா விழுகிறது என்பது அவர்களுக்கு விரல் நுனியில் இருந்தது.

சரி, உங்கள் நண்பரின் 40 மெஷினுக்கு வருவோம். ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் போடும் தொகைகள் கணக்குக்காகத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் கலந்து 40 மெஷின் 18 லட்சம் என்று வைப்போம். கட்டட அட்வான்ஸ் மூன்று லட்சம். வயரிங், அயர்ன் டேபிள், ஜெனரேட்டர் என்று நாலு லட்சம். முப்பதில் இருபத்தைந்து போயாயிற்று. கையில் ஐந்து. டெய்லர், ஹெல்பர், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 60 பேர். ஆளுக்கு வாரம் 3,500 என்று குறைத்தே போட்டாலும் சனிக்கிழமை தோறும் 2 லட்சத்து 10 ஆயிரம் வேண்டும். அதாவது இரண்டு சனிக்கிழமை தாங்கும். மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் அறுபது பேர் வாசலில் நிற்பார்கள். நீங்கள் தைத்துக் கொடுத்த கம்பெனியோ, “பில் பாஸாகி வரட்டும், அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று சொல்லியிருக்கும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2006ஆம் வருடத்துச் சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பில்லை இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். அந்தக் கெடுவைத் தாண்டினால், உண்மையில் பணம் கொடுக்கும் வருடம் வரை வாங்கியவர் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து ஒரு விதியும் அமலில் இருக்கிறது. ஆகவே யூனிட் ஆரம்பித்தால் முதல் நாளே சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள், விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒரே கம்பெனிக்கு மட்டும் கூலிக்குத் தைக்கிற ஒரு ஜாப் ஒர்க் யூனிட்காரர் அந்தக் கம்பெனி வாசலில் போய்ச் சட்டம் பேசுவாரா? அடுத்த ஆர்டர் வேண்டாமா அவருக்கு?

உங்கள் கம்பெனி முதலாளிக்கும் இதே கணக்குதான், சைபர் மட்டும் கூட. நூலுக்குப் பணம் இன்றைக்கே. நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணியை அமுக்கிச் சீராக்குவது) முடிந்து துணி வர மூன்று வாரம். வெட்டித் தைத்துப் பெட்டியில் போட இன்னும் நாலைந்து வாரம். தூத்துக்குடியில் கப்பல் ஏறிய தேதியிலிருந்து 60 நாள் தவணை என்று பையர் எழுதியிருந்தால், நூல் வாங்கிய பணம் திரும்ப நான்கு மாதம். நடுவில் ஓட்டுவது வங்கியின் பேக்கிங் கிரெடிட், அதாவது ஏற்றுமதி ஆர்டரைக் காட்டி வாங்கும் கடன். அதற்கு வட்டி. டையிங்கில் ஷேடு தப்பி ஒரு வாரம் போய்விட்டால், உங்களுக்கு அது பையரிடம் நாலு மெயில் கெஞ்சுவது. முதலாளிக்கு அது சொந்தச் செலவில் விமானத்தில் சரக்கு அனுப்புவது. ஆர்டரின் மொத்த லாபமும் அந்த ஒரே பில்லில் போய்விடும். தாமதமானால் போகட்டும் என்று கப்பலிலேயே அனுப்பினால், பையர் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் வரும், அது தனி.

இதையெல்லாம் பார்க்காத ஒருவர், பையரைத் தெரியும் என்ற ஒரே பலத்தில் கம்பெனி போடுவதுதான் உங்கள் ஊரில் நான் அதிகம் பார்த்த விபத்து. ஆர்டர் கிடைக்காமல் மூடியவர்களைவிட, நிறைய ஆர்டர் எடுத்து மூடியவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் அடுத்த இரண்டு சீசனுக்கு நீங்கள் தேட வேண்டியது பணம் தெரியும் ஒரு நாற்காலி. முதலில் இப்போதைய முதலாளியிடமே கேளுங்கள். காஸ்டிங் (ஆர்டரின் விலைக் கணக்கு) போடும்போது கூட உட்கார வேண்டும், முடிந்த ஆர்டரின் உண்மைச் செலவை அந்தக் காஸ்டிங் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பேக்கிங் கிரெடிட் விஷயமாக வங்கிக்குப் போகும் ஆளோடு போக வேண்டும். கேட்டால் சந்தேகப்படுவார் என்று தோன்றினால் தயங்க வேண்டாம். கொஞ்சம் சந்தேகப்படத்தான் செய்வார். முடியாது என்று சொல்லிவிட்டால் சின்ன கம்பெனிக்கு மாறுங்கள். நூறு மெஷின், ஒரே ஹால், முதலாளியும் கணக்கரும் நீங்களும் எதிரெதிரே உட்காருகிற மாதிரி. அங்கே மெர்ச்சன்டைசர் என்றால் நூலுக்குப் பேரம் பேசுகிறவரும் அவரே, டையிங்கில் இரவு பத்து மணிக்குப் போய் நிற்பவரும் அவரே, சனிக்கிழமை பணம் போதவில்லையென்றால் முதலாளி முகத்தைப் பார்ப்பவரும் அவரே. சம்பளம் ஐந்தாயிரம் குறையலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் பெரிய கம்பெனியிலிருந்து இறங்கி வந்தார். சொந்தக்காரர்கள் எல்லாம், “என்னங்க, டிமோஷனா?” என்று விசாரித்தார்கள். இன்று அவர் நூலுக்கு விலை பேசி முடிக்கும், அதாவது கமிட் செய்யும், தேதியை வைத்து மற்றவர்கள் கமிட் செய்கிறார்கள்.

பெங்களூர் நல்ல வேலை. இரண்டு மடங்கு சம்பளம் சும்மா இல்லை. ஆனால் பையிங் ஆபீசில் நீங்கள் பார்க்கப் போவது பையர் பக்கத்துப் பணத்தை. விலை குறைக்கக் கற்றுக்கொள்வீர்கள், சம்பளம் போடக் கற்றுக்கொள்ள மாட்டீர்கள். நல்ல சம்பளக்காரராகவே இருந்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் யோசிக்காமல் போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. எல்லோரும் முதலாளி ஆக வேண்டும் என்று யார் சொன்னது? எம்.பி.ஏ.வை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். துறை மாறுகிறவருக்கு அது உதவும், நீங்கள் மாறவில்லை. ஐந்தொகை படிக்கத் தெரியாவிட்டால், நீங்கள் பி.காம். படித்த புத்தகமே பரணில் இருக்கும்.

திட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2011 ஜனவரி கடைசியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 2022ல் ஒரு கண்டி (சுமார் 356 கிலோ) பஞ்சு லட்சம் ரூபாயைத் தாண்டி, நூல் விலையைத் தாங்க முடியாமல் ஊரே மே மாதம் இரண்டு நாள் கடையடைத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. உங்கள் எக்செலில் எந்தக் கட்டத்தில் இவற்றை எழுதியிருப்பீர்கள்? ரங்கூன் கடைக்காரர்களுக்கும் இது நடந்தது. 1930ல் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் அவர்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவில் நெல் அதிகம் விளையும் 13 மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 சதவீத நிலம் அவர்களுடையது, 1937ல் 25 சதவீதம். புத்தகத்தில் பார்த்தால் சொத்து. 1942ல் ஜப்பானியர் வந்தபோது அதைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. பர்மா சுதந்திரம் அடைந்த 1948லேயே நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்துவிட்டது. அந்த நாற்காலிப் பயிற்சி அத்தனையும் பெற்றவர்கள்தான் அவர்கள். எல்லாப் பணமும் ஒரே நாட்டில், ஒரே பயிரில் மாட்டிக்கொண்டால் பயிற்சி என்ன செய்யும்? பிழைத்தவர்கள் பலர் முன்பே கொஞ்சத்தை ஊருக்குக் கொண்டுவந்து வேறு தொழிலில் போட்டிருந்தவர்கள். ஒரே அமெரிக்க பையரை நம்பி லைன் ஓட்டியவர்களுக்கு 2025ல் என்ன ஆயிற்று என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள்.

நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. மெஷின் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் ஊரின் பெரிய வசதியே, ஒரு மெஷின்கூட இல்லாமல் சரக்குப் பண்ணலாம் என்பதுதான். உள்நாட்டு ஆர்டர் ஒன்று எடுங்கள், 2,000 பீஸ் போதும். நிட்டிங் வெளியே, டையிங் வெளியே, தையல் வெளியே. இருவரும் ஆளுக்கு மூன்று லட்சம் போட்டு அதை முடித்து, பணத்தை வசூல் பண்ணிக் கையில் வாங்குங்கள். லாபம் பத்தாயிரமாக இருந்தாலும் பரவாயில்லை. நண்பர் வசூலுக்குக் கிளம்புகிறவரா, போன் பண்ணிவிட்டு உட்காருகிறவரா என்பது அதில் தெரிந்துவிடும். அவருக்கும் உங்களைப் பற்றித் தெரியும். இதுபோல நாலு ஆர்டர் சுற்றி வந்த பிறகு யூனிட் பேசலாம்.

அப்பாவின் தோட்டத்தை இதில் இழுக்காதீர்கள். பார்ட்னர்ஷிப் என்று ஆகிவிட்டால் பத்திரத்தில் மூன்று விஷயம் தெளிவாக வரட்டும்: செக்கில் இருவர் கையெழுத்து, மாதம் ஆளுக்கு எவ்வளவு எடுக்கலாம், ஒருவர் விலகினால் மெஷினுக்கு எப்படி விலை போடுவது. நண்பர் இதைக் கேட்டு முகம் சுளித்தால், என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்